ஆறாம் நாள் சம்மதம்

இதை எழுதித்தான் கொடுப்பேன். வாயால் சொல்ல மாட்டேன். போனில் சொல்லவே மாட்டேன். கோடு போட்ட நோட்டில், நீலப் பேனாவில், என் கோணல் எழுத்தில் இருந்தால்தான் இது நான் சொன்னது. வேறு எந்த வழியாக என் வார்த்தை வந்தாலும் என் தங்கை அதை நம்பக் கூடாது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் என்று அவள் என்னைத் திட்டட்டும். தாராளமாகத் திட்டட்டும். கடைசிவரை படித்துவிட்டுத் திட்டட்டும்.

அந்த அறைக்கு நானும் என் வீட்டுக்காரரும் முதன்முதலாகப் போனது ஒரு திங்கட்கிழமை காலை. ஆஸ்பத்திரியின் பழைய கட்டடம். புதுக் கட்டடம் கண்ணாடியும் பளபளப்புமாக முன்னால் நிற்க, இது அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. லிஃப்ட் கீழ்த்தளம்வரை போகாது. கடைசிப் பதினான்கு படிகளை நடந்துதான் இறங்க வேண்டும். கீழே ஈரச் சுவரும் பினாயிலும் கலந்த வாசனை. ஒரு காலத்தில் எக்ஸ்ரே எடுத்த இடமாம். நடைபாதையின் கோடியில் ஒரு கனமான கதவு, கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. பல்பு எரிந்தால் உள்ளே பதிவு நடக்கிறது, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அர்த்தம்.

அந்தப் பல்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்து தொலைத்தேன்.

என் வீட்டுக்காரர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுபவர். இருபத்தாறு வருஷம். சந்தையில் எல்லோருக்கும் அவர் ஏலக்காரர்தான். கோபம் வந்தால் எனக்கும். விடிந்தும் விடியாமலும் வெங்காய மூட்டை மேல் ஏறி நின்று அவர் குரல் கொடுத்தால் நாலு தெரு தாண்டிக் கேட்கும். மைக்கைத் தொட்டதில்லை. "மைக் வச்சுக் கூவுறவன் அரை ஆளு" என்பார். விலை போதும், ஏலத்தை நிறுத்து என்றால் மட்டும் வாயால் சொல்ல மாட்டார். உள்ளங்கையை விரித்து முகத்துக்கு நேராகத் தூக்குவார். அந்தக் கையைப் பார்த்தால் சந்தையே கப்சிப் என்று அடங்கிவிடும்.

அப்பேர்ப்பட்ட தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால் கொஞ்ச காலம் கூட இருப்பார் என்றார் டாக்டர். எடுக்காவிட்டால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருந்தபோதுதான் குரல் சேமிப்பைப் பற்றிச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியோடு சேர்ந்து ஒரு கம்பெனி செய்கிறதாம். முழுக்க இலவசம். ஆயிரத்து இருநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிந்துவிட வேண்டியது. அப்புறம் அவர் டேப்லெட்டில் எதை எழுதினாலும் அது அவர் குரலிலேயே பேசும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரான் வீட்டுக் கம்பெனிக்கு நம் மேல் இவ்வளவு கரிசனம் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் தையல் மிஷின் ஓட்டுகிறவள் நான். ஒரு ஜாக்கெட்டைக்கூட யாருக்கும் இலவசமாகத் தைத்துக் கொடுத்தது கிடையாது.

அறைக்குள் சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. நடுவில் கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் அவரும் மைக்கும். இந்தப் பக்கம் நானும் பதிவுக்காரப் பெண்ணும். இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல பெண், "அக்கா அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். உள்ளே போனால் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும்.

தினமும் பதிவு தொடங்குமுன் குரலுக்குச் சொந்தக்காரர் ஒரு வாக்கியத்தைப் படிக்க வேண்டும். 'என் குரலை என் உபயோகத்துக்காகச் சேமிக்க நான் முழுமனதோடு சம்மதிக்கிறேன்.' அது இல்லாவிட்டால் அன்றைய பதிவு செல்லாது.

"கையெழுத்த யாரு வேணா போட்டுடலாம் அக்கா. குரல அப்படிப் போட முடியாதுல்ல?" என்றாள் அந்தப் பெண்.

அவர் ஜோராகப் படித்தார். 'நீலக் குடையை யார் எடுத்தது?' 'மாடிப்படியில் மூன்று பூனைகள் உட்கார்ந்திருந்தன.' எல்லாம் இந்த மாதிரி, தலையும் இல்லாத வாலும் இல்லாத வாக்கியங்கள். குடையை ஏலம் விடுகிற ராகத்தில் அவர் படிக்க, அந்தப் பெண் சிரித்துச் சிரித்துப் பொத்தானைத் தப்பாக அழுத்திவிட்டாள்.

"வீட்ல அடிக்கடி சொல்றது ஏதாவது இருந்தா அதையும் சொல்லுங்க சார். குரல் இன்னும் உயிரோட இருக்கும்."

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஒன்று இருந்தது. சந்தை வேலை மதியத்தோடு முடிந்தாலும் பாக்கி வசூல், லாரி என்று அவர் வீடு திரும்ப மாலை ஆறு பத்து ஆகும். சாவி கையில் இருந்தாலும் திறக்க மாட்டார். கதவை இரண்டு தரம் தட்டுவார். "வீட்ல ராணியம்மா இருக்காங்களா?" என்பார். நான் உள்ளேயிருந்து, "ராணி வேலைக்குப் போயிருக்கா, வேலைக்காரிதான் இருக்கேன்" என்பேன். இருபத்தைந்து வருஷமாக இந்தக் கூத்து. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்த வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரே பேச்சு அது.

"அது கெடையாது. அது வாசப்படிக்கு மட்டும்" என்றார் அவர். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆறாம் நாள். மறுநாள் ஆபரேஷன். அவர் தொண்டை அன்று காலையிலேயே கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இன்னும் இருநூறு வாக்கியம் பாக்கி.

சம்மதத் தாளை எடுத்தவர் படிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திருப்பிக் காட்டினார். அன்றைக்குத் தாள் மாறியிருந்தது. ஒரு வரியாக இருந்தது ஒரு பக்கமாகி இருந்தது. 'என் உபயோகத்துக்காக' என்கிற இடத்தில், 'எங்கள் சேவைகளுக்காகவும் எங்கள் பங்குதாரர்களின் சேவைகளுக்காகவும்' என்று இருந்தது. நான் படித்தேன். படிக்கவில்லை என்று இன்று பொய் சொல்ல மாட்டேன்.

"எல்லாருக்கும் இப்ப இதான் அக்கா. ஹெட் ஆபீஸ்ல மாத்திட்டாங்க. சாருக்குப் படிக்க முடியலேன்னா நேத்து சொன்ன சம்மதத்தையே எடுத்து இங்க ஒட்டிடறேன். நீங்க பொறுப்பாளர், நீங்க சரின்னா போதும்."

அவர் உள்ளங்கையை விரித்து முகத்துக்கு நேராகத் தூக்கினார்.

சந்தையில் மூட்டை தூக்குகிறவனுக்குக்கூடத் தெரியும் அதற்கு என்ன அர்த்தம் என்று. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இந்த இருநூறு வாக்கியம் போனால் அவர் குரல் முழுசாக வராதே என்ற பயம். எனக்கு அந்தக் குரல் வேண்டும். எப்படியாவது வேண்டும்.

"தண்ணி கேக்கறார்" என்றேன். பிறகு சொன்னேன், "சரி, அதையே போட்டுக்கோங்க."

அவர் கையை இறக்கவே இல்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, மீதி வாக்கியங்களைக் காற்றும் குரலுமாக அவர் படித்து முடித்தார். எனக்காகத்தான் படித்தார்.

ஆபரேஷனுக்குப் பிறகு பதினொரு மாதம் இருந்தார். டேப்லெட் பேசியது. 'டீ கொண்டா', 'வாலு எங்க காணோம்?' என்றெல்லாம் எழுதுவார், அது அச்சு அசல் அவராகவே பேசும். வாலு என் தங்கையின் பெண், ஐந்து வயது. பெரியப்பா மடியில் உட்கார்ந்து டேப்லெட்டில் கண்டதை அழுத்திப் பேச வைப்பாள். ஆனால் மாலை ஆறு பத்துக்கு மெல்ல நடந்துவிட்டு வருகிறவர், கதவை இரண்டு தரம் தட்டுவதோடு சரி. அந்த வாக்கியத்தை மட்டும் அவர் எழுதிக் காட்டியதே இல்லை.

கடைசி வாரம் படுக்கையில் இருந்தபடி எழுதினார். டேப்லெட்டில் இல்லை, காகிதத்தில். 'நான் போனதும் குரலை அழித்துவிடு. அன்றைக்கு என் கையைப் பார்த்தாய். பார்க்காத மாதிரி இருந்தாய். பரவாயில்லை. இதையாவது செய்.'

அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

செய்யவில்லை. ஒரு வாரம் கழித்து என்று தள்ளினேன். அப்புறம் ஒரு மாதம். மிஷினில் தைத்துக்கொண்டே டேப்லெட்டை அழுத்துவேன். 'சாப்பிட்டியா?' என்று கேட்கும். "ஆச்சு, நீங்க?" என்பேன். ஒரு நாள் அதன் திரையில் ஏதோ பெரிய அறிக்கை வந்து நின்றது. தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. அடியில் இரண்டு கட்டம்: 'சம்மதம்', 'பிறகு'. பிறகு என்பதை அழுத்தினால் அது பேசவில்லை. நான் சம்மதத்தை அழுத்தினேன். பேசியது. அவ்வளவுதான் நடந்தது, அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் தங்கை போன் செய்தாள்.

"அக்கா… மாமா போன் பண்ணினார்."

"என்னடி உளர்ற?"

"சத்தியமா அக்கா. நம்ம மாமாதான். மொதல்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நல்லா இருக்கியான்னார். அப்புறம், வாலுவக் கூப்பிடு, அவள ரெண்டு வார்த்த பேசச் சொல்லு, அவ குரல் எனக்கு வேணும்னார். நான் போனத் தூக்கிப் போட்டுட்டேன்."

"வாலு பேசினாளா?"

"இல்ல. தூங்கிட்டு இருந்தா."

"இனிமே வந்தா எடுக்காத. அவகிட்ட குடுக்கவே குடுக்காத. நான் பார்த்துக்கறேன்."

செத்த மனுஷன் குரலை வைத்துப் பச்சைக் குழந்தையிடம் கை நீட்டுகிறார்களே, பாவிகள்! டேப்லெட்டைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு அப்போதே கிளம்பினேன்.

அதே பதினான்கு படி. அதே பினாயில். சிவப்பு பல்பு அணைந்திருந்தது. பதிவுக்காரப் பெண் தனியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றவள், நான் கேட்டதற்கு மறுப்பே சொல்லவில்லை.

"குடும்பக் குரல்னு புதுசா ஆரம்பிச்சிருக்காங்க அக்கா. ஒருத்தர் குரல் இருந்தா அவர வச்சு அவங்க சொந்தக்காரங்க குரலையும் வாங்கறது. சார் சம்மதம் இருக்கே."

"எந்த சம்மதம்? வருஷமாச்சு மனுஷன் செத்து!"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஆறாம் நாள் சம்மதம். அதை எடுத்து எடுத்து ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நகல் போட்டிருந்தார்கள். காப்பீடு விற்க, குழந்தைகளுக்குக் கதை சொல்ல, யாரோ முகம் தெரியாதவர்களோடு பேச. முந்நூற்றுப் பன்னிரண்டு நகல்கள்.

"போடு, கேக்கணும்" என்றேன்.

முதல் நகல். அவர் குரல்: '…சம்மதிக்கிறேன்.' உடனே பின்னால் இன்னொரு குரல்: 'சரி, அதையே போட்டுக்கோங்க.' அது நான். அன்றைக்கு எங்கள் பக்கத்து மைக்கும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் அவர் சம்மதத்துக்குக் கீழே என் வாய் முத்திரை குத்தியிருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் அவரைக் கெடுத்தேன்.

"இன்னொண்ணு போடு."

ஐம்பதாவது நகல். அதே குரல், அதே வார்த்தை. ஆனால் என் குரலுக்கு அப்புறம் ஏதோ ஒரு சத்தம். பட் என்று.

அந்தப் பெண் புருவத்தைச் சுருக்கினாள். நூறாவது நகலைப் போட்டாள்.

பட். பட்.

"இது என்ன சத்தம்?"

"தெரியல அக்கா. எல்லாம் ஒரே ஃபைல். காப்பி. காப்பி எப்படி மாறும்?"

இருநூறாவது நகலில் 'சம்மதிக்கிறேன்' என்பது பாதியில் உடைந்தது. மூச்சு இரைத்தது. பட், பட், பட். உள்ளங்கையை விரித்து எதன் மீதோ அறைகிற சத்தம்.

நான் அவள் கையை விலக்கிவிட்டு நானே கடைசி நகலை அழுத்தினேன்.

அதில் அவர் சம்மதம் சொல்லவே இல்லை.

வெறும் காற்று. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தொண்டை ஓட்டையிலிருந்து வருமே, அந்தக் காற்று. அதற்குள்ளிருந்து கை விடாமல் அறைந்துகொண்டிருந்தது. அவ்வளவுக்கும் மேலே, தெளிவாக, நிதானமாக என் குரல் மட்டும் சொன்னது: 'சரி, அதையே போட்டுக்கோங்க.'

நகல் முடிந்தது.

அறைகிற சத்தம் முடியவில்லை.

நாங்கள் இருவரும் மெதுவாகத் திரும்பினோம். கண்ணாடித் தடுப்பு அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் காலி நாற்காலியும் மைக்கும்தான். கண்ணாடியின் தூசியில், என் முகத்துக்கு நேர் உயரத்தில், விரல் விரித்த ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது.

அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். "அழிச்சுடும்மா, எல்லாத்தையும் அழிச்சுடு, நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்" என்று அவள் தோளில் புலம்பினேன்.

"அழிச்சுடறேன் அக்கா. ஆனா ஒண்ணு. இனிமே அவர் பேர்ல போன் வந்தா, அது மெஷினான்னு கண்டுபிடிக்கணும்ல? அவர் பதிவுல இல்லாதது, வீட்ல மட்டும் சொல்றது ஏதாவது இருக்கா? அதக் கேட்டுப் பாருங்க. சொல்லத் தெரியலேன்னா அது மெஷின்."

நியாயமாகத்தான் பட்டது. அழுகிற வாய்க்குக் காவல் ஏது? ஆறு பத்து, இரண்டு தட்டு, ராணியம்மா, வேலைக்காரி என்று எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அவர் சொல்கிற ராகத்தில்கூடச் சொல்லிக் காட்டினேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஏதேதோ தட்டினாள். திரையில் 'அழிக்கப்பட்டது' என்று வந்தது. எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன்.

சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"பழைய வயரிங் அக்கா. தானா எரியும்" என்றாள் அவள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக டேப்லெட்டைத் தண்ணீர் டிரம்மில் போட்டு மூடினேன். சமையலறையில்தான் டிரம். போனை அணைத்து மிஷின் பெட்டிக்குள் வைத்தேன். தலைக்குக் குளித்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பாவாடைக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்தேன்.

கதவை யாரோ இரண்டு தரம் தட்டினார்கள்.

மணி ஆறு பத்து.

"வீட்ல ராணியம்மா இருக்காங்களா?"

அந்தக் குரல். ஆபரேஷனுக்கு முந்தைய, கட்டி வராத, சந்தைக் குரல். ஆனால் ராகம் அவருடையது இல்லை. நான் மத்தியானம் சொல்லிக் காட்டிய ராகம். நான் தேம்பிய இடத்தில் அதுவும் தேம்பியது.

என் கால் மிஷின் மிதியிலேயே நின்றுவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ராணியம்மா… உள்ள வரலாமா?"

அப்போதுதான் தெரு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பட். பட். பட். உள்ளங்கை. வெங்காயச் சருகும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை அறை முழுக்க நிறைந்தது. அதுதான் அவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாசலில் நிற்பது அவர் இல்லை, ஜன்னலில் அறைகிறவர்தான் அவர். நிறுத்து என்கிறார். ஒரு சொல் சொல்லாதே என்கிறார்.

இந்தத் தடவை அவர் பேச்சைக் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தேன்.

சமையலறையிலிருந்து, மூடி வைத்த டிரம்முக்குள்ளிருந்து, என் குரல் பதில் சொன்னது.

"சரி, அதையே போட்டுக்கோங்க."

தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. கதவு திறந்தது. வாசலில் யாரும் இல்லை. ஏதோ குளிர்ச்சியாக என் பக்கத்தில் நடந்து உள்ளே போனது. ஜன்னலில் அறைந்த கை சட்டென்று நின்றது.

வாயால் சொல்ல மாட்டேன் என்று மேலே எழுதினேன் அல்லவா? அது பொய். என்னால் முடியாது. அன்று மாலையோடு என் குரல் போய்விட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார். இன்றோடு பத்தொன்பது நாள். போன் இன்னும் மிஷின் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இன்று காலை தங்கை வந்தாள். சிரித்த முகமாக வந்தாள்.

"நீ தினமும் போன்ல பேசறதுனாலதான் அக்கா எனக்கு பயமே போச்சு. மொதல்ல மாமா குரலக் கேட்டு எப்படி பயந்தேன்! நீதான் ஒண்ணும் இல்லடி, நல்லதுக்குத்தான்னு சொன்னே. நீ சொன்னா மாதிரி வாலுவக் கூட்டிட்டுப் போய் முடிச்சுட்டேன். அந்தக் கீழ்த்தளத்து ரூம்லதான். அந்தப் பொண்ணு என்ன தங்கமா பேசுது! வாலு இருநூறு வாக்கியம் திருப்பிச் சொன்னா அக்கா, குட்டிக் குட்டியா."

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"தொண்டை கட்டிடுச்சா? நேத்து ராத்திரி ஒரு மணி நேரம் நல்லாத்தானே பேசினே?"

பாவாடைத் துணியில் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டினேன்: அது நான் இல்லை. அவள் படித்தாள். சிரிப்பு மெல்ல அணைந்தது. "விளையாடாத அக்கா" என்றாள். பிறகு, "சாயந்தரம் வாலுவக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் தூங்கு. நீ ஒரு மாதிரி இருக்க" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனாள்.

அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் வந்ததும் இந்த நோட்டை அவள் கையில் கொடுப்பேன். அடி தங்கச்சி, போனில் வருவது நான் இல்லை. அது மாமாவும் இல்லை. வாலுவின் குரலை வாங்கிவிட்டார்கள், இனி அந்த அறைப் பக்கம் அவளைக் கொண்டுபோகாதே. அவளை யாராவது எதற்காவது சம்மதம் கேட்டால்

கதவைத் தட்டுகிறார்கள்.

இரண்டு தரம். கதவின் கீழ்ப்பாதியில், சின்னக் கையால்.

மணி ஆறு பத்து. தங்கையின் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. ஆட்டோ வந்து நின்ற சத்தமும் இல்லை.

ஜன்னல் கண்ணாடி அதிர ஆரம்பித்துவிட்டது. பத்தொன்பது நாளாக வராத கை, வந்து அறை அறை என்று அறைகிறது. கண்ணாடியில் கீறல் விழுகிறது.

"வீட்ல ராணியம்மா இருக்காங்களா?"

வாலுவின் மழலைக் குரல். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"பெரியம்மா… உள்ள வரலாமா?"

நான் எழுந்து ஓடித் தாழ்ப்பாளை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நோட்டைக் கதவில் வைத்து மறு கையால் எழுதுகிறேன்.

சமையலறையில் என் குரல் தொண்டையைச் செருமிக்கொள்கிறது.